அத்தையின் கைராசி

எங்கள் வீட்டுப் புழக்கடையில் முதலில் விளைந்தது கரிக்கட்டிதான். தண்டையார்பேட்டையில் ரயில் பாதையை ஒட்டிய தெரு அது. எஞ்சினிலிருந்து வாரிய கரிக்கசடைக் கொண்டுவந்து கொட்டித்தான் அங்கே பள்ளத்தை மூடியிருந்தார்கள். அதன்மேல் உடைந்த ஓடு, கிளிஞ்சல், துருப்பிடித்த தகரம் என்று தெருவே தன் குப்பையைப் போட்டு வைத்திருந்தது. கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க விளங்காது. அந்த இடத்தில் ஒரு செடி வைக்கலாம் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. அத்தைக்குத் தோன்றியது. செடிகள்மேல் இருந்த ஆசையால் அல்ல, அம்மாவின் வாயை அடைக்க வேண்டியிருந்ததால்.

அத்தை என் அப்பாவின் தங்கை. கட்டிக்கொடுத்த சில வருஷத்திலேயே புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளை இல்லை. எண்ணூரில் இருந்த கொழுந்தனார், வந்தால் அடுப்படியில் ஓர் ஆள் ஆயிற்று என்ற கணக்கில் கூப்பிட்டார். அத்தை அங்கே போகாமல் அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அண்ணன் வீடு தன் வீடு என்று நினைத்துக்கொண்டாள், பாவம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் தாத்தா காலத்தில் எங்கள் ஜனங்களுக்குள் தாலி அறுத்தவள் இன்னொருவனைக் கட்டிக்கொண்டு போவது ஊர் வாயில் விழுகிற விஷயமே இல்லை. தாத்தா மூட்டை தூக்கினவர். அப்பாவோ துறைமுகத்தில் மேஸ்திரி ஆகிவிட்டார். தலைப்பாகை வந்தது, கோட்டு வந்தது, கூடவே ஆசாரமும் வந்து சேர்ந்தது. மேஸ்திரி வீட்டுப் பெண் இரண்டாம் தாலி கட்டிக்கொள்ளலாமா என்று பேசினார்கள். அத்தைக்கு அப்போது வயது என்ன, இருபத்தைந்துகூட இருக்காது. மஞ்சள் பூச்சும் பூவும் போயின. பந்தல் போட்ட இடத்தில் அவள் நிற்கக் கூடாது என்றும் ஆயிற்று.

அம்மா அவளை நேருக்கு நேர் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். சோற்றுப் பானையைப் பார்த்துத்தான் சொல்லுவாள். "குந்தின எடத்துல துன்றவங்களுக்குப் பசி மட்டும் டயத்துக்கு வந்துடுது." பானை பதில் பேசாது. அத்தையும் பேசமாட்டாள். தட்டில் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோவாள்.

ஒருநாள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு புழக்கடைக்குப் போனாள். அம்மா கதவருகில் நின்று சிரித்தாள். "இன்னாமே, பொதையலா தோண்டறே?" அத்தை தோண்டிக்கொண்டே இருந்தாள். கரிக்கசடைக் கூடை கூடையாக வாரி ரயில் பாதைப் பக்கம் கொட்டினாள். மாடு கட்டுகிற வீடுகளில் கெஞ்சிச் சாணம் வாங்கினாள். காசிமேட்டிலிருந்து மீன் விற்க வருகிறவளிடம் சொல்லிவைத்து, மீன் கழுவின தண்ணீரைப் பானையில் வாங்கி ஊற்றினாள். நாற்றம் தெருமுனை வரைக்கும் அடித்தது. கிணற்று உப்புத் தண்ணீர் ஆகாதென்று விடியுமுன் தெருக்குழாய்க்குப் போய் வரிசையில் நின்றாள். அரிசி களைந்த தண்ணீர், நாங்கள் கை கழுவின தண்ணீர், எதையும் சாக்கடைக்கு விடவில்லை. காலி மண்ணெண்ணெய் டின்னின் அடியில் ஆணியால் துளை போட்டு, அதைக் கொண்டுதான் பாத்திக்குத் தண்ணீர் தெளிப்பாள்.

முதலில் வந்தது அரைக்கீரை. அப்புறம் கத்திரி, வெண்டை, அவரை. புடலங்காய் கோணாமல் இறங்க நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டாள். வேலியோரம் தூதுவளை, கற்பூரவல்லி, தொட்டியில் புதினா. தெருவில் எந்தக் குழந்தைக்குச் சளி பிடித்தாலும் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். அத்தைக்குக் கைராசி என்று பேர் வந்தது. அக்கம்பக்கத்தில் அவரைக்கொட்டை ஊன்றுகிறவர்கள், "மொதக் கொட்டைய நீ போடும்மே, ஒன் கை பட்டா மொளைக்கும்" என்று அவளைக் கூப்பிட்டுப் போவார்கள். அவளும் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு சந்தோஷமாகப் போய்வருவாள்.

அம்மாவும் மாறினாள். பானையோடு பேசுவது நின்றுவிட்டது. யாராவது வந்தால் புழக்கடையைத் திறந்து காட்டி, "எங்க தோட்டம், பாருங்க" என்பாள். எங்க! ஒரு கூடை கரி அள்ளியிருப்பாளா? ஆனால் அத்தைக்கு அந்தச் சொல் இனித்தது. "எங்க" என்பதில் தானும் சேர்த்தி என்று எடுத்துக்கொண்டாள்.

அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கப் பேச்செடுத்த வருஷம், அத்தை கிணற்றடியில் இரண்டு வாழைக்கன்று வைத்தாள். பக்கத்திலேயே ஒரு பாத்தி மஞ்சள். எதற்கு அத்தே என்று கேட்டேன். யாரும் பக்கத்தில் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ஒன் அக்கா கல்யாணத்துக்கு. நாந்தான் பந்தல்ல நிக்கக் கூடாது. என் வாழையாச்சும் நிக்கட்டும்."

அந்த இரண்டு வாழையையும் அவள் வளர்த்த விதத்தை என்னவென்று சொல்வது. காற்றடித்தால் ஓடிப்போய் முட்டுக் கொடுப்பாள். கிழிந்த இலையை வெட்டினால் மரத்துக்கு வலிக்கும் என்பதுபோலத் தடவிக்கொடுத்துவிட்டு வெட்டுவாள். தை மாதம் கல்யாணம் என்று நிச்சயமானபோது, வாழை இரண்டும் ஒன்றாகக் குலை தள்ளி நின்றன. கர்ப்பஸ்திரீகளை நலங்கு வைத்து உட்கார்த்தியதுபோல இருக்கும் பார்க்க. பந்தல்காலில் கட்ட அதைவிட நல்ல ஜோடி தண்டையார்பேட்டையில் வேறு யார் வீட்டிலும் இல்லை. அப்பாவே ஒருநாள் பார்த்துவிட்டு, "சோக்கா வந்துகீதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொங்கலன்று, பானைக்குக் கட்ட அம்மா தெருவில் போன கூடைக்காரியிடம் மஞ்சள் கொத்து வாங்கினாள். புழக்கடையில் ஒரு பாத்தி மஞ்சள் தழைத்து நின்றது. அத்தை பார்த்தாள், பார்த்துவிட்டு, "அண்ணி மறந்துட்டாங்க போலகீது" என்றாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாட்டுவண்டி வந்து நின்றது. என் தாய்மாமன் கொத்தவால் சாவடி மார்க்கெட்டிலிருந்து ஒரு ஜோடி வாழை கொண்டுவந்து இறக்கினார். மஞ்சளும் இறங்கியது. அதே நேரம் அம்மா உள்ளே, நாளை விருந்துக்குப் புழக்கடைக் காய் அத்தனையையும் பறித்துவிடச் சொல்லி உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். நான் அப்போது பதினாலு வயதுப் பெண், வாய் சும்மா இருக்காது. நேரே அம்மாவிடம் போய்க் கேட்டேன்.

"நம்ம வூட்ல வாழ கீதே. அத ஏன் கட்டல?"

"அது ராசியில்லாத கை வெச்சது. அதப் பந்தல்ல கட்டினா நாளைக்கி ஒங்கக்காவுக்கு..." அதற்குமேல் சொல்லாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அப்ப கத்திரிக்கா, அவரக்கா?"

"அது வெந்துடும். வெந்துட்டா தோஷம் இல்ல."

"சாவடில வாங்கினியே, அத எந்தக் கை வெச்சதுன்னு தெரியுமா ஒனக்கு?"

அறை விழுந்தது. அறைந்துவிட்டுப் பதிலும் சொன்னாள்: "தெரியாது. தெரியலன்னாலும் தோஷம் இல்ல."

பிற்காலத்தில் பெரிய பெரிய சாஸ்திரிகளின் பிரசங்கமெல்லாம் கேட்டிருக்கிறேன். இத்தனை வசதியான சாஸ்திரத்தை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. வெந்தால் சரி, தெரியாவிட்டால் சரி. கண்ணெதிரே இருக்கிறவள் வைத்ததுதான் ஆகாது.

திரும்பிப் பார்த்தால் அத்தை நடையில் நிற்கிறாள். இடுப்பில் கூடை, கூடை நிறைய அவரைக்காய். எவ்வளவு கேட்டாளோ தெரியாது. சுவரில் சாய்த்திருந்த சாவடி வாழையை மேலும் கீழும் பார்த்தாள். "கொல சின்னதா கீது" என்றாள். கூடையை அம்மாவின் காலடியில் வைத்துவிட்டு மறுபடி பறிக்கப் போனாள்.

மறுநாள் விருந்தில் இருந்த காய் முழுக்க அவள் காய்தான். அவள் பின்கட்டில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள். பெண்கள் பந்தியில் மாப்பிள்ளையின் தாயார் புடலங்காய்க் கூட்டை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, காய் பிஞ்சாக இருக்கிறதே, எங்கே வாங்கினீர்கள் என்று விசாரித்தார்.

"வாங்கறதா? நம்ம வூட்டுத் தோட்டங்க. நாந்தான் வெச்சேன்" என்றாள் அம்மா.

"நல்ல கைராசிதான் ஒங்களுக்கு" என்றார் அந்த அம்மாள்.

நான் பின்கட்டு வாசலில் நின்றிருந்தேன். அங்கே கேட்டது அத்தைக்கும் கேட்காமல் இருந்திருக்காது. அம்மா ஏன் அப்படிச் சொன்னாள் என்பது எனக்குப் புரியாமலில்லை. தாலியறுத்தவள் வைத்த காயைச் சம்பந்தி வாயில் போட்டோம் என்று தெரிந்தால் வம்பு. இருந்தாலும் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாமே. "நாந்தான்" என்று சொல்லும்போது அவள் முகத்தில் பெருமை வழிந்தது. அதை என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை. அத்தை அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த பாத்திரத்தை எடுத்தாள்.

அதற்குப் பிறகு அவள் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. வீட்டு வேலை எல்லாம் முன்போலச் செய்தாள். புழக்கடைக் கதவை மட்டும் திறக்கவில்லை. மாசி வெயில் ஆரம்பித்துவிட்டது. கீரை முதலில் சுருண்டது, பிறகு அவரை. அம்மா இரண்டு நாள் டின்னைத் தூக்கிப் பார்த்தாள், இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்பாவிடம் போய்ச் சொன்னாள். அப்பா அத்தையைக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா, செடிங்களுக்குத் தண்ணி ஊத்தறதில்லியாமே?"

"வெச்சவங்க ஊத்தட்டும்ணா."

"வெச்சது நீதானே?"

"நான் வெச்சதா இருந்தா பந்தல்ல நின்னிருக்குமே. பந்தலுக்கு ஆவாத கை கொழம்புக்கு மட்டும் எப்டிணா ஆவும்?"

துறைமுகத்தில் அத்தனை கூலிகளையும் ஓர் அதட்டலில் நிறுத்துகிற மனிதர் என் அப்பா. அன்றைக்கு அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தலைப்பாகையை எடுத்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் போதும், அத்தை டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாள்.

தண்ணீர் இல்லாமலே வாழை இரண்டும் எப்படியோ தாக்குப்பிடித்தன. குலை பழுத்தது. பழத்தை வேகவைத்துச் சாப்பிடுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அப்படியேதான் தின்றோம். அம்மாவும் தின்றாள், புக்ககம் போன அக்காவுக்கும் ஒரு சீப்பு அனுப்பினாள். நல்ல பழம். அத்தை மட்டும் தொடவில்லை.

பங்குனியில் புழக்கடை காய்ந்து கிடந்தது. பந்தலில் புடலைக்கொடி சருகாகி, கட்டின கல்லெல்லாம் தொங்கிக்கொண்டிருந்தன. அம்மா மறுபடியும் பானையோடு பேச ஆரம்பித்தாள். அந்த மாதமே அப்பா எண்ணூருக்குச் சொல்லி அனுப்பினார். கொழுந்தனார் வீட்டு வண்டி வந்தது. "கொஞ்ச நாளு அங்க இருந்துட்டு வாம்மா" என்றார் அப்பா. கொஞ்ச நாள் என்றால் என்ன என்று அத்தைக்கும் தெரியும், வண்டிக்காரனுக்கும் தெரியும். அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஏறி உட்கார்ந்தாள். புழக்கடையை அப்பா ஒரு கரி வியாபாரிக்கு வாடகைக்கு விட்டுவிட்டார்.

எனக்குக் கல்யாணமாகித் திருவொற்றியூருக்கு வந்தபின், ஒருநாள் புருஷனிடம் சண்டை போட்டு அனுமதி வாங்கிக்கொண்டு எண்ணூர் போனேன். போகும்போது புடலை விதை கொஞ்சம் முந்தானையில் முடிந்துகொண்டேன். உப்பளத்து ஊரில் பாவம் என்ன விளையப்போகிறது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். போய்ப் பார்த்தால் அந்த வீட்டுக் கிணறு இளநீர் மாதிரி இனிக்கிறது. பின்னால் விசாலமான இடம், நல்ல மண், வேலிகூட அடைத்திருந்தது. உள்ளே ஒரு கறிவேப்பிலைக் கன்றுகூட இல்லை. வெறும் புல்.

அத்தைக்கு முடி நரைக்கத் தொடங்கியிருந்தது. கூடைக்காரியிடம் வாங்கின முளைக்கீரையைத் தரையில் பரப்பி ஆய்ந்துகொண்டிருந்தாள். வாடின கீரை. என்னைப் பார்த்ததும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டாள், அக்காவுக்கு எத்தனை குழந்தை என்று கேட்டாள், அம்மாவின் இடுப்புவலியைக்கூட விசாரித்தாள். நான் முந்தானையை அவிழ்த்து விதையை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. என் விரல்களை மடக்கி விதையை என் கைக்குள்ளேயே மூடிவிட்டாள்.

"இவ்ளோ எடம் கீது, நல்ல தண்ணி கீது. ஏன் அத்தே ஒண்ணுமே வெக்கல?" என்று கேட்டேன்.

அவள் உட்கார்ந்து கீரையை மறுபடி ஆயத் தொடங்கினாள். பூச்சி அரித்த இலைகளைத் தனியே ஒதுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"வெச்சா காய் காச்சிடுமே கண்ணு. அப்பறம் யாரு வெச்சதுன்னு கேப்பாங்க."