எத்தனை குதிரை?

தர்மபுரியில் மின்சார கார் பார்க்க அம்மாவை அழைத்துப் போயிருந்தேன். "இது நூறு கிலோவாட்டுங்கம்மா" என்றார் விற்பனையாளர்.

"கிலோவாட்டெல்லாம் தெரியாதுங்க. எத்தினி குதிரை?" என்றாள் அம்மா. அவர் செல்போனில் குதிரைத்திறன் கணக்குப் போடத் தொடங்கினார். எனக்கோ எங்கள் பழைய டிராக்டரின் டீசல் வாசனை மூக்கில் ஏறியது.

அப்போது எனக்குப் பத்து வயது. அப்பாவுக்குக் கை முறிந்திருந்தது. பறித்த தக்காளி டிரெய்லர் நிறைய இருந்தது. அன்றே பாலக்கோடு மண்டிக்குப் போகாவிட்டால் மழையில் அழுகிவிடும். ஓட்ட ஆள் கிடைக்கவில்லை. அதுவரை எங்கள் காட்டில் உழவு மட்டுமே ஓட்டியிருந்த அம்மா, சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

பெரியப்பா வண்டியை மறித்தார். "முப்பத்தஞ்சு குதிரை வண்டி இது. ஒரு பொம்பளையால அடக்க முடியுமா?"

"குதிரைய நான் பாத்துக்கறங்க மாமா. நீங்க ஓரமா நில்லுங்க."

ஓடை மேட்டில் சக்கரம் சேற்றில் சுழன்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா கியரைக் குறைத்து, பதறாமல் ஆக்சிலேட்டரைக் கொடுத்தாள். கரும்புகை கக்கியபடி வண்டி மேடேறியது. மண்டியில் அவள் இறங்கியபோது ஒரு தக்காளிகூட நசுங்கியிருக்கவில்லை.

அடுத்த வாரம் பெரியப்பாவே எங்கள் வாசலில் வந்து நின்றார். "எங்க லோடையும் சேத்து ஏத்திக்கிறியாம்மா?"

"நூத்தி முப்பத்துநாலு குதிரைங்கம்மா" என்று விற்பனையாளர் நிமிர்ந்தார்.

"அவ்ளோதானே" என்ற அம்மா, டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே உட்கார்ந்தாள்.