கோரை என்று சொன்னேன்

மாநில அரசே சொந்தமாகக் கட்டும் பெரிய சூரிய மின்நிலையம். அதற்குத் திட்ட அறிக்கை எழுதும் வேலை என்னிடம் வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. இடம் முத்துப்பேட்டைப் பக்கம், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. நான் பிறந்த ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். என் அம்மா அந்த வட்டாரத்து வயல்களில் கூலிக்கு நட்டு, கூலிக்கு அறுத்து, கூலியைக் கூட்டிக் கேட்ட சண்டையில் மண்டை உடைபட்டவள். அரசு விடுதியில் தங்கி, அரசு உதவித்தொகையில் படித்த நான் அதே அரசின் எஞ்சினியராக ஜீப்பில் போய் இறங்கினேன்.

தேர்ந்தெடுத்த நிலம் புறம்போக்கு. பதிவேட்டில் எந்த வருஷத்துப் பசலியைப் புரட்டினாலும் தரிசு என்றுதான் இருந்தது. உண்மையில் பக்கத்துக் காலனிக் குடும்பங்கள் வெகுகாலமாக அங்கே சம்பா நட்டு அறுத்துக்கொண்டிருந்தன. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் பட்டா தருவதாகச் சொல்லும், பட்டா மட்டும் வராது. இதை எனக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எங்கள் ஊரிலும் அதே கதைதான்.

பணம் கடனாக வரவேண்டும். குறைந்த வட்டிக்குக் கொடுக்க டெல்லியில் ஒரு வங்கி தயாராக இருந்தது. ஆனால் அந்த நிலத்தை நம்பி யாரும் பிழைக்கக் கூடாது என்பது நிபந்தனை. பிழைத்தால் ஒவ்வொரு குடும்பமாகக் கணக்கெடுத்து, ஈடு கொடுத்து, அதற்கு அப்புறம்தான் கடன். எப்படியும் ஒரு வருஷம் இழுக்கும், அதற்குள் திட்டம் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும் என்றார் மேலதிகாரி. என் பதவி உயர்வும் கூடவே போய்விடும் என்று அவர் சொல்லவில்லை. நானே நினைத்துக்கொண்டேன்.

நிலத்தைப் பார்வையிட எப்போது வரலாம் என்று வங்கிக் குழுவினர் கேட்டார்கள். வைகாசியில் வரச் சொன்னேன். டெல்டாக்காரனுக்கு மட்டுமே தோன்றக்கூடிய அயோக்கியத்தனம் அது. கார்த்திகையில் வந்திருந்தால் முழங்கால் உயரப் பயிரைப் பார்த்திருப்பார்கள். வைகாசியில் கடைமடை முழுக்கப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். விவரம் தெரியாதவர்கள் அதைப் பொட்டல் என்றுதான் நினைப்பார்கள்.

வந்தவர்களில் ஒரு அம்மாள் கெட்டிக்காரி. வெடிப்புகளுக்கு நடுவே, ஆடு கடித்தது போக வரிசையாக நின்ற மஞ்சள் குச்சிகளைக் காட்டி, இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். நெல் அறுத்தபின் நிற்கும் அரிதாள். சின்ன வயதில் என் காலைக் குத்திக் குத்தியே பழகிய அரிதாள்.

"கோரை" என்றேன். தானாக முளைக்கும் காட்டுப்புல் என்று ஆங்கிலத்தில் விளக்கம் வேறு கொடுத்தேன். அவர் குறித்துக்கொண்டார். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், முப்பது வயது இருக்கும், அந்த ஒரு தமிழ் வார்த்தையைக் கேட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தேன்.

இரண்டு மாதம் கழித்து அதே பெண் எங்கள் ஆபீசுக்கு வந்தாள். காலனிக்காரர்கள் கொடுத்த மனுவுக்குப் பதில் போயிருந்தது. நிலத்தில் சாகுபடி இல்லை, கோரை மட்டுமே உள்ளது, ஆகவே ஈடு கிடையாது. என் அறிக்கையின் வாசகம் அப்படியே இருந்தது. சத்தம் போடப்போகிறாள் என்று பயந்தேன். அவளோ மஞ்சள் பையிலிருந்து இரண்டு சின்னக் கட்டுகளை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"சார், அன்னைக்கு நீங்க தெரியாம கோரைன்னு சொல்லிட்டீங்க. டவுன்ல பொறந்தவங்களுக்கு எப்படித் தெரியும்? அதான் எடுத்தாந்தேன். இது கோரை, பாருங்க. மூணு பட்டையா இருக்கும், உள்ள அடைச்சிருக்கும். இது நெல்லுத் தாளு. உருண்டையா இருக்கும், கிள்ளுனா உள்ள ஓட்டை. கையில புடிச்சுப் பாருங்க சார்."

பிடித்துப் பார்த்தேன். நானும் உங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைதான், தெரிந்தேதான் சொன்னேன் என்று வாய் வரை வந்தது.

"அப்படியாம்மா? எனக்குத் தெரியாதே" என்றேன்.

"இப்பத் தெரிஞ்சிடுச்சுல்ல. மாத்தி எழுதிடுவீங்கல்ல? இந்த நெலத்த விட்டா எங்களுக்கு வேற கெதி இல்ல சார்."

"பார்க்கிறேன்மா."

கடன் ஒப்பந்தம் முந்தின வாரம்தான் கையெழுத்தாகியிருந்தது. பணம் இன்னும் வரவில்லை. நான் ஒரு கடிதம் எழுதியிருந்தால் நிறுத்தி விசாரித்திருப்பார்கள். எழுதவில்லை. அந்த ஐப்பசியில் அங்கே யாரும் நாற்று நடவில்லை, நாங்கள் இரும்புக் கால்களை நட்டோம். மின்நிலையம் இன்று நன்றாகவே ஓடுகிறது. பதவி உயர்வும் வந்தது. அம்மா பலமுறை கேட்டும் அவளை அங்கே அழைத்துப்போகவில்லை. அவள் காலனிப் பெண்களோடு பேச உட்கார்ந்துவிடுவாள் என்ற பயம்.

பொய் சொன்னதைவிட, அந்தப் பெண் சொல்லிக்கொடுத்தபோது ஒன்றும் தெரியாதவன் போலத் தலையாட்டியதுதான் எனக்குப் பெரிய வெட்கம். அன்று அவள் கதவு வரை போய்த் திரும்பினாள். என் முகத்தில் எதைப் பார்த்தாளோ, ஆறுதலாகச் சொன்னாள்.

"தெரியாம சொன்னதுக்கு எதுக்கு சார் இவ்ளோ சங்கடப்படுறீங்க?"