கணவாயில் நின்றவன்

கதிரின் வலக்கையை உடைத்தவர் யாசின் பாய். உடைக்க வைத்தவன் நான். போலீஸ்காரர்கள் இதை என்னிடம் கேட்கவில்லை. கேட்காதவர்களிடம் நான் சொல்லவுமில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எங்கள் மூவருக்கும் வேலை. நான் பேக்கிங்கில். கதிர் தோல் வெட்டும் கட்டிங்கில். யாசின் பாய், தைத்த தோலை அச்சின் மேல் இழுத்துச் சுத்தியலால் அடித்துப் படிய வைக்கும் லாஸ்டிங்கில். தினமும் பேரணாம்பட்டிலிருந்து பஸ்ஸில் வருவார். என்னைவிட மூத்தவர்.

சாப்பாட்டு நேரத்தில் எங்கள் செல்போன்களில் ஓர் ஆன்லைன் விளையாட்டு ஓடும். வாளெடுத்து, குதிரையேறி, முகமறியாதவர்களோடு மோதும் விளையாட்டு. எங்கள் கூட்டத்தில் புதிதாகச் சேர்கிறவர்களைப் பழக்குவது என் பொறுப்பு. வாத்தியார் என்றுதான் என்னைக் கூப்பிடுவார்கள். நாள் முழுக்கச் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறவனுக்கு அந்த ஒரு சொல் எவ்வளவு பெரியது!

ஆனால் அந்த விளையாட்டில் எனக்கு இன்னொரு பெயரும் இருந்தது... கூற்றுவன்.

கறுப்பு அங்கி, இரும்பு முகமூடி. நான் பழக்கியவர்களை நானே ஒரு கணவாய் வழியாகத் தனியே அனுப்புவேன். பிறகு கூற்றுவனாக நுழைந்து, அங்கே மறைந்திருந்து வெட்டுவேன். வாளையும் கவசத்தையும் பறிப்பேன். தோற்றவன் நொந்துபோய் வாத்தியாரிடம் வருவான். தேற்றுவேன். மறுபடியும் முதலிலிருந்து பழக்குவேன்.

ஏன் செய்தேன்? தேறிவிட்டால் என்னைத் தேட மாட்டார்களே என்ற பயமா? அது பாதிதான். மீதி... எனக்கு வெட்டப் பிடித்திருந்தது! திரையில் ரத்தம் தெறிக்கும்போது சூப்பர்வைசரின் முகம் என் கண்முன் வரும். ஆனால் வெட்டுப்பட்டதெல்லாம் என்னை நம்பினவர்கள்.

யாசின் பாயைத்தான் அதிகம் வெட்டினேன். மாதக்கணக்கில் பாடுபட்டு ஒரு வெள்ளைக் குதிரை சேர்த்திருந்தார். கட்டிக்கொடுத்து அனுப்பிய மகளின் பெயரை அதற்கு வைத்திருந்தார். அதையும் ஒருநாள் அவர் கண்ணெதிரே சாய்த்தேன். அன்று அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்து பாடம் சொன்னேன். "தலையப் பாக்காதீங்க பாய். கையில அடிங்க. கை போச்சுன்னா கத்தி கீழ விழுந்துடும். அப்புறம் எழுந்துக்கவே விடக்கூடாது."

கூற்றுவன் யாரென்று அவர் தேட ஆரம்பித்தார். கணவாய்க்கு அவர் எப்போது போகிறார் என்பது, உடன் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்குத்தானே தெரியும்! வாத்தியார் மீது சந்தேகம் வரவில்லை. குதிரையின் பெயரைச் சொல்லிக் கதிர் ஒருமுறை கிண்டலடித்தது நினைவுக்கு வந்திருக்கிறது.

"கதிர்தானா? நீ சொல்லு வாத்தியாரே" என்று டீக்கடையில் கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "இருக்கலாம் பாய்" என்றேன். டீயைக் குடித்து முடித்தேன்.

மறுநாள் சாப்பாட்டு மணி அடித்ததும் கதிரைக் கூப்பிடக் கட்டிங் வாசலுக்கு வந்தேன். பாய் எனக்கு முன்னால் உள்ளே போய்க்கொண்டிருந்தார், கையில் சுத்தியலோடு. நான் கத்தித் தடுத்திருக்கலாம்... கத்தவில்லை.

முதல் அடி, மேசைமேல் ஊன்றியிருந்த கதிரின் வலக்கையில் விழுந்தது. எலும்பு நொறுங்கியது. அவன் சரிந்து, எழப் பார்த்தான். மறுபடியும் அதே கையில்! மறுபடியும்! வெட்டி அடுக்கியிருந்த வெள்ளைத் தோல்கள் சிவந்தன. நாலைந்து பேர் பாயை அமுக்கி இழுத்து வந்தார்கள். என்னைக் கடக்கும்போது மூச்சிரைக்க அவர் சொன்னார்.

"நீ சொன்ன மாதிரியே கையிலதான் அடிச்சேன் வாத்தியாரே."

நான் சபாஷ் சொல்வேன் என்று எதிர்பார்த்த குரல் அது.

பாய் ஜெயிலுக்குப் போனார். இப்போது ஜாமீனில் வந்து, வேலையில்லாமல் வீட்டில் கிடக்கிறார். கதிருக்கு வேலூரில் ஆபரேஷன் நடந்தது. விரல்கள் மடங்கவில்லை. கட்டிங்கில் அவனுக்கு இனி இடமில்லை.

அன்றோடு கூற்றுவனை நிறுத்தினேன். திருந்திவிட்டேன் என்றா நினைக்கிறீர்கள்? பயம்! அந்தப் பயம்தான் கதிரை இரண்டாம் முறை அடித்தது. அவன் கை உடைந்த பிறகு கூற்றுவன் வரவே இல்லை, அப்படியானால் அவனேதான் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். நெஜமாவே நீ இல்லையா என்று கட்டின மனைவியே கேட்டாளாம்.

அவன் ஆஸ்பத்திரியில் மயங்கிக் கிடந்தபோது ஒரே ஒருமுறை கூற்றுவனாக நான் வந்திருந்தால் போதும், பழி போயிருக்கும். வரவில்லை. வந்தால் அடுத்து என்னைத்தானே தேடுவார்கள்? என் கைகளைப் பார்த்துக்கொண்டேன். இரண்டும் முழுதாக இருந்தன.

கதிர் இப்போது இடக்கையால் விளையாடப் பழகுகிறான். பழக்குகிறவன் நான்தான்... வேறு யார்?

"அவன் ஒரே ஒரு தபா வந்தா போதும். நான் இல்லன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும்" என்கிறான்.

மாலையானதும் அந்தக் கணவாயில் போய் நிற்கிறான். துணைக்கு, உருவிய வாளோடு நானும் பக்கத்தில் நிற்கிறேன்.

"இன்னிக்கி வருவானா வாத்தியாரே?"

"வரலாம்" என்கிறேன்.