ஏழு உடுப்புகளில் மஞ்சள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். பொய்யில்லை. யூடியூபில் வரும் எங்கள் நகைச்சுவைத் தொடரில் எனக்கு வேடம் கிடைத்ததே அந்தக் கோபத்தால்தான். பசுவந்தனைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் ஏறிப் போய், சென்னையில் ஒரு ஃபேஷன் டிசைனரிடம் வேலைக்குச் சேரும் பெண்ணாக நடிக்கிறேன். முதல் நாளே, அங்கே எல்லோரும் கறுப்பு உடுத்தியிருப்பதைப் பார்த்து, சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, ஒவ்வொருவரையும் 'சாமி, சாமி' என்று கூப்பிடுவேன். யாராவது திட்டினால் இரண்டு பங்கு திருப்பித் திட்டுவேன். அதற்குத்தான் ஊர் சிரிக்கிறது.

சென்னை என்றா சொன்னேன்? எல்லாம் கோவில்பட்டிதான். கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு அண்ணன்தான் கேமரா, டைரக்‌ஷன் எல்லாம். பொட்டிக் என்று போர்டு மாட்டிய ஒரு சின்னத் துணிக்கடையின் மாடி அறைதான் டிசைனரின் ஆபீஸ். ஜன்னல் திரை கொஞ்சம் விலகினாலும் எதிரே கடலைமிட்டாய்க் கடை தெரிந்துவிடும். அந்த பொட்டிக் அக்கா மாடியையும் கொடுத்து, விற்பனைக்கு வைத்திருக்கும் புதுத் துணிகளையும் நடிக்கக் கொடுத்தார். இரண்டே நிபந்தனைகள்: விலை டேக்கைப் பிய்க்கக் கூடாது, கறை படக் கூடாது. யார் கொடுப்பார்கள் இப்படி? அவர் மகராசியாக இருக்க வேண்டும்.

ஆனால் எனக்கு வேண்டியிருந்தது அம்மாவின் வாயிலிருந்து ஒரு வார்த்தை. அப்பா இல்லாத வீடு. அம்மா தீப்பெட்டி ஆபீஸில், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலையில், பெட்டியில் குச்சி அடைக்கிறாள். ஜவுளிக்கடையில் பில் போடும் வேலையை விட்டுவிட்டு நான் நடிக்க வந்தபோது அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டால், "அவ என்னமோ செய்யுதா" என்பாள். எத்தனையோ பேர் பார்த்துச் சிரித்தும் அம்மாவின் அந்த 'என்னமோ' முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. ஆறு மாதம் அப்படியே ஓடியது.

ஒரு சாயங்காலம், மறுநாள் படப்பிடிப்புக்கு இஸ்திரி போடுவதற்காக ஏழு உடுப்புகளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். "நாளைக்கு நான் போடுததும்மா" என்று மட்டும் சொன்னேன். இரவல் துணி என்று சொல்லவில்லை. தப்பு என்னுடையதுதான்.

காலையில் எழுந்து பார்த்தால், ஏழு உடுப்பிலும், ஓரத்தில், புளியங்கொட்டை அளவுக்கு மஞ்சள்! அம்மா சாப்பாட்டுத் தூக்குவாளியோடு வேலைக்குக் கிளம்பி நின்றாள்.

"என்னம்மா செஞ்சு வச்சிருக்க?"

"புதுசுல்லா, அதான் வச்சேன்."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது ஆத்திரக்காரிக்கும் சேர்த்துத்தான். வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். அம்மா தூக்குவாளியோடு வெளியே போய்விட்டாள். அவள் போன பிறகுதான் சாமி படத்தின் முன்னால் சூடம் எரிந்த தட்டைப் பார்த்தேன். துணிகளைச் சாமி முன்னால் வைத்து, கும்பிட்டு, மஞ்சள் தொட்டு வைத்திருக்கிறாள். ஆறு மாதமாக நான் காத்துக் கிடந்த சம்மதம் அதுதான். அதை வாங்கிக்கொள்ளத் தெரியாமல், கொடுத்தவளையே திட்டி அனுப்பிவிட்டேன்.

துணிகளோடு பொட்டிக்குக்கு ஓடினேன். கேமரா அண்ணன், "சொல்லாம டிரை வாஷுக்குக் குடுத்துருவோம்" என்றார். எனக்கு மனசு வரவில்லை. நடந்ததை அப்படியே அக்காவிடம் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, மஞ்ச வச்ச துணிய நான் எவகிட்டட்டி விக்க? இனிமே துணியும் கெடையாது, மாடியும் கெடையாது" என்று சொல்லிவிட்டார். அவர் கோபம் நியாயமான கோபம்.

வேறு வழி தெரியாமல் அம்மாவுக்குப் போன் செய்தேன். அப்போதும் பாருங்கள், மன்னித்துக்கொள் என்று இந்த வாயிலிருந்து வரவில்லை. "மஞ்சக் கறை எப்படிம்மா போவும்?" என்று கேட்டேன்.

"அங்கன இரு. வாரேன்."

அரை நாள் லீவு சொல்லிவிட்டு, விரல்களில் தீக்குச்சி மருந்துத் தூளோடு வந்தாள். நல்லவேளை, எல்லாம் பருத்தியும் லினனும்தான், பட்டு ஒன்றும் இல்லை. ஓரத்தை மட்டும் நனைத்துச் சோப்புப் போட்டாள். மஞ்சள் ரத்தச் சிவப்பாக மாறியது. "ஐயையோ, போச்சு!" என்று அக்கா தலையில் கை வைத்தார்.

"பயப்படாதீங்கம்மா. சோப்பு பட்டா செவக்கத்தான் செய்யும். வெயிலு பட்டா ஓடிரும்."

மொட்டை மாடியில் துணிகளை வரிசையாகப் போட்டோம். சாயம் வெளுக்காமல் இருக்க மற்ற பாகத்தையெல்லாம் போர்வையால் மூடி, மஞ்சள் பட்ட ஓரத்தை மட்டும் வெயிலில் நீட்டிவைத்தாள். பிறந்ததிலிருந்து நான் சபித்த கோவில்பட்டி வெயிலை அன்றைக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன். மத்தியானத்துக்குள் ஆறு உடுப்பு சுத்தமாகிவிட்டது. ஏழாவதை இன்னொரு முறை அலசிப் போட்டதில், நாலு மணிக்கு அதுவும் போயிற்று.

அக்கா பூதக்கண்ணாடி வைக்காத குறையாகப் பார்த்தார். "யக்கா, ஒங்க மொகத்துக்காக இவள விடுதேன்" என்றார். மாடி எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது. அந்த அக்கா நல்லா இருக்கணும்.

ஆனால் அத்தனை மணி நேரமும் அம்மா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. வீம்பு இல்லை, வெட்கம்.

"இதவிட நல்ல எபிசோடு எங்கன கெடைக்கும்?" என்று துள்ளினார் கேமரா அண்ணன். டிசைனர் துணிக்கெல்லாம் கதாநாயகியின் அம்மா மஞ்சள் வைத்துவிடுகிறாள், அதுதான் கதை. "அம்மாவா நீங்களே நடிங்க பெரியம்மா" என்றார். மாட்டேன் என்பாள் என்று நினைத்தேன்.

"வசனம் நெறைய உண்டா, தம்பி?" என்று கேட்டாள் அம்மா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எடுத்தோம். வசனம் நான்தான் எழுதினேன். அன்றைக்குச் சொன்னதை எழுதக் கை வரவில்லை. 'போம்மா, ஒனக்கு ஒண்ணும் தெரியாது' என்று மழுப்பி எழுதிவைத்திருந்தேன். கேமரா ஓடியது. அம்மா, "புதுசுல்லா, அதான் வச்சேன்" என்றாள், அச்சு அசலாக. நான் என் வசனத்தைச் சொன்னேன்.

அம்மா நடிப்பதை நிறுத்திவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, இவ அன்னைக்கு இப்படிச் சொல்லல." பிறகு என்னிடம், கொஞ்சமும் கோபமில்லாமல் சொன்னாள்: "'குச்சி அடைக்குதவளுக்குத் துணியப் பத்தி என்ன தெரியும்'னுல்லா சொன்ன. அதச் சொல்லுட்டி. அதான் நல்லாருக்கும்."

அப்படியே உட்கார்ந்து அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். "தெரியாம சொல்லிட்டேம்மா, தெரியாம சொல்லிட்டேன்" என்பதைத் தவிர வேறு எதுவும் வாயில் வரவில்லை. அண்ணன் கேமராவை நிறுத்தவும் மறந்து நின்றார்.

அம்மா குனிந்து முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"அழுகையெல்லாம் வீட்டுல வச்சுக்கிடலாம். எந்திட்டி, இப்ப வேலையப் பாரு."

'என்னமோ' என்று சொன்னவள், வேலை என்றாள். நான் எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேலையைப் பார்த்தேன்.