பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர்

போர்ட் பிளேரில் டயாலிசிஸுக்குப் போகும்போதெல்லாம் என் கணவருக்குப் பக்கத்துக் கட்டிலில் அவர் இருப்பார். திக்லிபூரில் பஸ் ஓட்டியவர். வற்றிய முகம். என் கணவருக்கு இருந்ததைப் போலவே கழுத்தில் தற்காலிகக் குழாய். நர்ஸ் அதைத் தொட வந்தால், "சிஸ்டர், ஹாத் தோயா?" என்று, கை கழுவியாச்சா எனக் கேட்காமல் விடமாட்டார். எனக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

ஒருநாள் மெஷின் ஓட ஆரம்பித்ததும் என் கணவருக்குப் பற்கள் தந்தியடிக்க உடம்பு தூக்கிப் போட்டது. ஏசியை நிறுத்தச் சொல்லிவிட்டு நான் போர்வையைத் தேடினேன்.

"தங்கச்சி, அது குளிரு இல்ல. டியூப்ல கிருமி ஏறியிருக்கு. டாக்டரைக் கூப்பிடும்மா, ஜல்தி!" என்று அவர் கத்தினார். "எனக்கு வந்தப்ப நானும் ஏசின்னுதான் நெனச்சேன். ஐசியூலதான் கண்ணு முழிச்சேன்."

டாக்டர் ஓடி வந்தார். ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பி, மருந்து ஏற்றி, அன்றே குழாயை எடுத்துவிட்டார்கள். காய்ச்சல் இறங்க நான்கு நாளானது.

பக்கத்துக் கட்டில்காரருக்கு நன்றி சொல்லப் போனேன்.

"சீக்கிரம் கையில ரத்தக்குழாயை இணைச்சு டயாலிசிஸுக்கு வழி பண்ற ஃபிஸ்டுலா ஆபரேஷன் பண்ணிடுங்க. கழுத்துக் குழாயை நம்பாதீங்க" என்றார்.

"நீங்க எப்ப அண்ணே?"

"மெயின்லேண்ட் போகணுமே. கூட வர ஆளு வேணும்ல?" என்று சிரித்தார்.

அடுத்த மாதம் ஆபரேஷனுக்காகக் கணவரைச் சென்னைக்கு அழைத்துப் போனேன். விமானம் கிளம்பிய பிறகுதான், அந்த அண்ணனையும் எங்களோடு வரச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது.