சிரித்தால்தான் எடுக்கும் கேமரா

ராஜாராமின் முகத்தைப் பார்த்தால் யாரோ போய்ச் சேர்ந்த செய்தியைச் சொல்ல வந்தவர் என்றுதான் தோன்றும். கல்யாண வீட்டிலும் அதே முகம்தான், கறிச்சோறு போட்டாலும் அதே முகம்தான். அப்படிப்பட்ட மனுஷன் மாமல்லபுரத்தில் வெண்ணெய் உருண்டைப் பாறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வருகிறவர் போகிறவரையெல்லாம் சிரிக்க வைத்துக் காலம் தள்ளினார். கேட்டால் நம்ப மாட்டீர்கள். அந்தச் சரிவில் அவ்வளவு பெரிய பாறை உருளாமல் நிற்கிறது என்றாலும்தான், பார்க்காதவர்கள் நம்புவதில்லை.

அவருக்குச் சொந்த ஊர் பக்கத்திலிருக்கும் பூஞ்சேரி. அப்பா காலத்தில் நிலமாக இருந்தது அவர் காலத்தில் மனைகளாகி, மனைகளும் கைமாறிப்போய், கடைசியில் வீடும் கழுத்தில் ஒரு கேமராவும் மிஞ்சின. பிலிம் போட்ட காலத்திலிருந்தே சுற்றுலாக்காரர்களைப் படம் எடுத்து வந்தார். பிறகு ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கினார். வெள்ளி நிறத்தில், சோப்புக் கட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக, சட்டைப் பைக்குள் போகிற சைஸ். நோக்கிப் பிடித்து அழுத்தினால் வேலை முடிந்தது.

அதன் லட்சணங்களை அவர் வாயால் கேட்க வேண்டும். பதினாலு மெகாபிக்சல். அஞ்சு மடங்கு ஆப்டிகல் ஜூம். முழுப் பாறையும் முழுக் குடும்பமும் ஒரே படத்தில் அடங்குகிற அகலமான லென்ஸ். கை ஆடினாலும் படம் ஆடாமல் பார்த்துக்கொள்ளும் வசதி. பிளாஷ் பட்டுக் கண் சிவந்துபோனால் அதையும் சரி பண்ணிவிடும். சொந்த மகளின் ஜாதகத்தைக்கூட அவர் இவ்வளவு தெளிவாக யாரிடமும் ஒப்பித்ததில்லை. யாராவது செல்போனில் படம் எடுப்பதைப் பார்த்துவிட்டால் போதும், வலியப் போய்ப் பாடம் எடுப்பார்.

"அதுல கீறது டிஜிட்டல் ஜூம் சார். எடுத்த படத்தையே இழுத்து நீட்டறது. இதுல கீறது ஆப்டிகல். கிட்ட போய்ப் பாக்கறது. ரெண்டும் ஒண்ணா?"

இத்தனை லட்சணமும் பொருந்திய கேமரா ஒருநாள் மணலில் விழுந்தது. எடுத்து ஊதித் துடைத்துப் பார்த்தார். எல்லாம் வேலை செய்தது, படம் எடுக்கும் பட்டனைத் தவிர. அழுத்தினால் உள்ளே போனது, வெளியே வரவில்லை. செங்கல்பட்டு மார்க்கெட்டில் ரிப்பேர் கடை வைத்திருந்த பஷீருதீனிடம் கொண்டுபோனார். அவர் திருகாணியைக் கழற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பார்ட்ஸ் வராது அண்ணாத்த. இத்த வச்சிகினு பேஜாரு பண்ணாத. புதுசு வாங்கிக்க."

ராஜாராம் சாப்பிடாமல் கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார். அப்போது அவருடைய ஒரே மகள் பிரபாதான் கேமராவோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தாள். பி.எஸ்சி. கடைசி வருஷத்தில் இருந்தாள். படித்துவிட்டு, பெரிய பட்டனுக்குக் கீழே சும்மா கிடந்த ஒரு குட்டிப் பட்டனைத் தொட்டாள். திரையில் அப்பாவின் முகத்தைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் ஒரு கட்டம் வந்தது. ஓரத்தில் அளவுகோல் மாதிரி ஒரு கோடு.

"ப்பா, யாருனா சிரிச்சா இந்தக் கோடு மேல ஏறும். குறிய தாண்டிச்சின்னா தானே படம் எடுத்துக்கும். பட்டனே வேணாம்."

ராஜாராமைப் பார்த்துக் கோடு ஏறவே இல்லை. அம்மா ஜோதிலட்சுமி எட்டிப் பார்த்து, "அதுங்கிட்ட போயி சிரிப்ப தேடுறியே" என்றாள். சொன்னதற்குத் தானே சிரித்தாள். கேமரா அவளை எடுத்துக்கொண்டது.

மறுநாளிலிருந்து பாறையடியில் புதுப் பேச்சு. "தோ பாருங்க சார், இது சாதா கேமரா இல்ல. சிரிச்சாதான் எடுக்கும். உர்ருனு இருந்தா எடுக்காது. இந்த ஊர்ல வேற யாராண்டயும் கிடையாது." உடைந்த பட்டனை விரலால் மறைத்துக்கொள்வார். பாறையைத் தள்ளுகிற மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு விறைத்து நிற்கும் வடநாட்டுக் குடும்பத்திடம் அந்தச் சாவு முகத்தோடு சொல்வார்: "மெதுவா தள்ளுங்க சார். கீழ என் வூடு கீது." புது மாப்பிள்ளையிடம் சொல்வார்: "வயித்த உள்ள இழுத்தது போதும், மூச்சு வுடுங்க. சம்சாரம் பாத்துட்டாங்க." கோடு ஏறும், கேமரா தானே க்ளிக் அடித்துக்கொள்ளும்.

இந்த நகைச்சுவையெல்லாம் முதலில் வீட்டில்தான் அரங்கேறும். ராத்திரிச் சாப்பாட்டின்போது பிரபாவிடம் சொல்லிப் பார்ப்பார். அவள் சிரித்தால் அது மறுநாள் பாறைக்குப் போகும். சிரிக்காவிட்டால் ரசத்தோடு போயிற்று. அவள் சிரிப்பது மட்டும் அவருக்கு எந்த அளவுகோலும் இல்லாமல் தெரியும்.

இரண்டாயிரத்துப் பதின்மூன்றில், அவள் பரீட்சை முடித்த கையோடு, புரோக்கர் மணி ஒரு வரன் கொண்டுவந்தார். மாப்பிள்ளை இனியன், கத்தாரில் வேலை. திருப்போரூரில் மனை வியாபாரக் குடும்பம். ஆவணியில் கல்யாணம், அதோடு விமானம். ராஜாராமுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாப்பாட்டில் பிரபா சொன்னாள்:

"ப்பா, செங்கல்பட்டு காலேஜ்ல எம்.எஸ்சி. சீட்டு கெடச்சிகீது. எனக்கு இப்ப கல்யாணம் வேணாம். நா படிக்கணும்."

"கல்யாணம் பண்ணிகினு படி. யார் வேணான்றா?"

"கத்தார்லயிருந்து செங்கல்பட்டுக்கு வந்துகினு போய்கினு இருக்க முடியுமா?"

ராஜாராம் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். அவள் சொன்னது காதில் விழுந்தது. மனதுக்குள் போகவில்லை, போக அவர் விடவில்லை. அதற்குப் பிறகு அவள் அதைப்பற்றிப் பேசவில்லை. பேசாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். தகப்பன்மார்களுக்கு இந்த வசதி உண்டு.

வைகாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா சரோஜா, தாய்மாமன், கூடவே மணி. கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் ஆயிற்று. தாய்மாமன் தன் செல்போனை வெளியே எடுத்த பாவத்துக்கு, ராஜாராம் அவருக்கு ஆப்டிகல் ஜூமையும் டிஜிட்டல் ஜூமையும் விளக்கி முடித்தார். சரோஜாவுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

"பையன் போட்டோ கேக்கறான். ஸ்டூடியோ போட்டோ வேணாங்க. மாவு பூசினாப்பல வெளுப்பாக்கிடுறாங்க. எங்க கண்ணெதிர்லயே எடுங்க. சாயங்காலமே மெயில்ல அனுப்பிடறோம். அவன் சரின்னா தட்டு மாத்திக்கலாம்."

"அதுக்கு இன்னாங்க, நம்ம கேமரா இல்லியா?" என்றார் ராஜாராம். பதினாலு மெகாபிக்சல் பெருமையும் அந்தக் குரலில் இருந்தது.

முன்கூடத்தில் ஜன்னல் வெளிச்சத்தில் நாற்காலி போட்டு, பட்டுப்புடவையோடு பிரபாவை உட்கார வைத்தார்கள். ராஜாராம் கேமராவைக் குட்டி ஸ்டாண்டில் வைத்து முக்காலிமேல் நிறுத்தினார். குட்டிப் பட்டனைத் தொட்டார். மகள் முகத்தைச் சுற்றி ஆரஞ்சுக் கட்டம் வந்தது. கோடு அடியில் கிடந்தது.

"சிரிம்மா."

பிரபா பார்த்தாள். கோடு அசையவில்லை.

"மெதுவா தள்ளு, கீழ வூடு கீது" என்றார். முதன்முதலில் அந்த ஜோக்குக்குச் சிரித்தவளே அவள்தான். இப்போது நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. அப்பாவின் முகத்தை அப்படியே வாங்கி வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

"பட்டன அழுத்துங்களேன்" என்றார் தாய்மாமன்.

"இது அழுத்தற கேமரா இல்லீங்க."

நிலைமையைச் சமாளிக்க ஜோதிலட்சுமி மகளின் தலைப்பூவைச் சரி செய்யப் போனாள். போனவள் சம்பந்தியம்மாளைப் பார்த்து மரியாதைக்கு ஒரு சிரிப்புச் சிரித்தாள். க்ளிக். எல்லாரும் குனிந்து திரையைப் பார்த்தார்கள். ஜோதிலட்சுமி பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள், ஓரத்தில் மகளின் ஒரு தோள்பட்டை.

ராஜாராமுக்கு வியர்த்தது. கேமராத் திரையில், சிரிப்பின் அளவை மாற்றுகிற இடத்துக்குப் போனார். பெரிய சிரிப்பு, நடுத்தரச் சிரிப்பு, லேசான சிரிப்பு என்று மூன்று உண்டு. லேசான சிரிப்பில் வைத்தார். இருக்கிறதா இல்லையா என்கிற முறுவலுக்குக்கூட இனிமேல் கேமரா அடித்துக்கொள்ளும். உதட்டோரம் அசைந்தால் போதும்.

அசையவில்லை.

சரோஜா எழுந்துவிட்டாள். "மூணு வாட்டி தடங்கலாயிடுச்சி. அம்மாவ எடுக்குது, பொண்ண எடுக்கலன்னா இன்னா அர்த்தம்? சகுனம் சரியில்லீங்க. எனக்கு ஒரே புள்ள." தாய்மாமன் செல்போனை நீட்டப் பார்த்தார். "நீங்க சும்மா இருங்க" என்று ஒரு பார்வையில் அதை மறுபடி பைக்குள் போக வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு இறங்கினார்கள். ஜோதிலட்சுமியும் மணியும் கெஞ்சிக்கொண்டே பின்னால் ஓடினார்கள். ராஜாராம் கேட் வரைக்கும் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கேமராவுக்கும் சகுனத்துக்கும் இன்னாங்க சம்பந்தம்" என்று ஆரம்பித்தார்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து க்ளிக் என்று சத்தம் வந்தது. கொஞ்சம் விட்டு இன்னொன்று. அப்புறம் ஒன்று.

"கேமரா வேலை செய்யுது!" என்று மணி கத்தினார். "அண்ணாத்த, தடங்கல் நீங்கிடுச்சி! அம்மா, வாங்க, வாங்க!"

சரோஜா நின்றாள். யோசித்தாள். "கிளம்பற நேரத்துல எடுக்குதுன்னா, கூப்புடுதுன்னு அர்த்தம். நல்ல சகுனந்தான்" என்று சொல்லித் திரும்பினாள். சகுனம் அவளுக்குக் கட்டுப்பட்டதாக இருந்தது.

எல்லாருக்கும் முன்னால் ராஜாராம் உள்ளே போனார். பிரபா நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். திரையில் கோடு உச்சியில் நின்றது. வாசலில் செருப்புச் சத்தம் திரும்பி வருவதைக் கேட்டாள், அப்பாவைப் பார்த்தாள். கோடு கிணற்றில் வாளி இறங்குவதுபோல அடிவரைக்கும் இறங்கிப் போயிற்று.

கேமரா எடுத்திருந்த படங்களை அவர் திருப்பிப் பார்த்தார். மூன்றிலும் அவள் முகம்தான். முதல் படத்தில் உதட்டில் மட்டும் சிரிப்பு, அடுத்ததில் கண்ணிலும். மூன்றாவதில் தோளெல்லாம் தளர்ந்து, மனுஷி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் எத்தனையோ நாள் பார்த்த சிரிப்பு. கடைசியாக எப்போது பார்த்தோம் என்று யோசித்தார். வரன் வந்ததற்கு முன்னால் என்பது மட்டும் நினைவுக்கு வந்தது. ராஜாராமுக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவு வெட்கம் அவருக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

"எங்க, காட்டுங்க" என்று சரோஜா பக்கத்தில் வந்தாள்.

அவர் கேமராவின் சுவிட்சை அணைத்தார்.

"போட்டோ வுழலீங்க. இது ரிப்பேர் கேமரா."

"இப்ப சத்தம் கேட்டுச்சே?"

"அது தானா அடிச்சிக்குது. கோளாறு. பட்டன் போயி ரொம்ப நாளாவுது. ஸ்பெசல் கேமரான்னு ஊர ஏமாத்திகினு கீறேன்."

மணி தலையில் கை வைத்துக்கொண்டார். நாளைக்குப் பாறையடி முழுக்க இந்தச் செய்தி போய்விடும் என்பது ராஜாராமுக்குத் தெரியும். கொண்டுபோகிற ஆளே எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

தாய்மாமனுக்கு மட்டும் ஒரு சந்தேகம் தீரவில்லை. "பதினாலு மெகாபிக்சல்னு சொன்னீங்களே?"

"பதினாலுதாங்க. பட்டன்தான் இல்ல."

"அதுக்கு இன்னா, நான் செல்லுல எடுத்துக்கறேன்" என்று அவர் மறுபடி போனை எடுத்தார். இந்தத் தடவை சரோஜா தடுக்கவில்லை. போன் பிரபாவை நோக்கி உயர்ந்தது. அதற்குச் சிரிப்பு தேவையில்லை.

ராஜாராம் போய் நடுவில் நின்றார். போனின் திரை முழுக்க அவருடைய சாவு முகம்.

"வேணாங்க. எம் பொண்ணு படிக்கப் போவுது. அதுக்கு இதுல இஷ்டம் இல்ல. முன்னாடியே சொல்லிச்சி. நாந்தான் கேக்கல. உங்கள அலைய வச்சிட்டேன், மன்னிச்சிக்கங்க."

சரோஜா என்ன சொன்னாள் என்பதையெல்லாம் இங்கே எழுதுவது நாகரிகமில்லை. கேசரியில் முந்திரி போதவில்லை என்பதும் அதில் இருந்தது. கார் கிளம்பிப் போயிற்று. மணி அந்தக் காரிலேயே ஏறிக்கொண்டார். ஜோதிலட்சுமி சமையலறையில் பாத்திரங்களை வேண்டிய அளவுக்கு மேலேயே சத்தமாகக் கழுவினாள்.

பிரபா பட்டுப்புடவையோடு அதே நாற்காலியில் இருந்தாள். ராஜாராம் கேமராவைச் சட்டைப் பையில் போட்டார். ஒரு ஜோக்கும் வாயில் வரவில்லை.

"செங்கல்பட்டுக்குக் காலைல எத்தினி மணிக்கு பஸ்ஸு?" என்று கேட்டார்.

அவள் சொன்னாள். சொல்லும்போது சிரிக்கவில்லை, அழுதாள். ராஜாராம் தலையை ஆட்டிக்கொண்டு எதிரில் நின்றார். முகம் எப்போதும்போலத்தான் இருந்தது, கண் மட்டும் கலங்கியிருந்தது.