முகாமில் ஒரு கலியாணமும் எங்கள் மூன்று கிழமையும்

"மூன்று கிழமை போதும்" என்று சொன்னது நான்தான்.

சுனாமிக்கு அடுத்த வருடம். மட்டக்களப்பு நகரத்தில் நானும் பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்த என் தோழியும் சின்னதொரு கணினிக் கடை வைத்திருந்தோம். ஒருநாள் நிவாரண நிறுவனமொன்றின் அதிகாரி வந்தார். முகாம்களில் இருக்கும் குடும்பங்களைப் பதிந்து, யாருக்கு எந்தப் புது வீடு என்று காட்டும் மென்பொருள் வேண்டுமாம். எத்தனை வாரம் எடுக்கும் என்று கேட்டார். ஒரு குடும்பம், ஒரு தலைவர், ஒரு வீடு. இதில் என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

சொன்ன நேரத்துக்கு முடித்தும் விட்டோம். பெரியகல்லாற்று முகாமுக்கு அதைக் காட்டப் போன அன்று அங்கே கலியாணம். மணமகன், மணமகள் இருவருமே கடலுக்குத் துணையைக் கொடுத்தவர்கள். மணமகனுக்கு ஒரு மகள். மணமகளுக்கு ஒரு மகன். இறந்துபோன கணவனின் தாயும் அவளுடனேயே இருந்தார்.

"மாமியை விட்டுட்டு நான் போகமாட்டன். அவவையும் எங்கட வீட்டில போடுங்க" என்றாள் மணமகள், மாலையும் கழுத்துமாக.

அதிகாரி பெருமையோடு என்னைப் பார்த்தார். நான் இரண்டு குடும்பங்களையும் ஒன்றாக்கும்படி கணினிக்குச் சொன்னேன். அது மணமகளின் குடும்பத்தை அப்படியே அழித்துவிட்டது. மாமியாரையும் சேர்த்துத்தான்.

திரையை எட்டிப் பார்த்த மணமகள் வாய்விட்டுச் சிரித்தாள். "கலியாணம் கட்டின அண்டைக்கே என்ட பேரை அழிச்சுப்போட்டீங்களே!"

"இதைச் சரிபண்ண எவ்வளவு நாள் எடுக்கும்?" என்றார் அதிகாரி.

"நாளைக்கு..." என்று தொடங்கிய என் கையைத் தோழி கிள்ளினாள்.

பிறகு எந்த முகாமுக்குப் போனாலும் ஒரு கலியாணமோ, புதிதாய்ப் பிறந்த ஒரு பிள்ளையோ, கொழும்பிலிருந்து திரும்பிவந்த ஒரு தம்பியோ எங்களுக்காகக் காத்திருப்பார்கள். மனிதர்கள் மறுபடி வாழத் தொடங்கியிருந்தார்கள். என் மென்பொருளில் அதற்கு இடமில்லை. மாதக்கணக்கில் இழுத்து, மாரி மழை பிடித்த பிறகுதான் வேலை முடிந்தது.

"நீ கணினியை மட்டும் பாத்துக் கணக்குச் சொன்ன. ஆக்களையும் பாத்திருக்கணும்டி" என்றாள் தோழி. பிறகு மணமகள் கொடுத்தனுப்பிய பலகாரத்தில் பெரியதை அவளே எடுத்துக்கொண்டாள்.

யுத்தம் முடிந்து பாதைகள் திறந்தபின் வெல்லாவெளிப் பக்கத்து விவசாயிகள் சங்கம் எங்களை அழைத்தது. நெல் வெட்டும் மெசின் எந்த வட்டைக்கு, அதாவது எந்த வயல்வெளிக்கு, எந்த நாள் போவது என்பதில் ஒவ்வொரு அறுவடைக்கும் சண்டையாம். அதை ஒழுங்குபடுத்த மென்பொருள் வேண்டும்.

"எத்தனை கிழமை எடுக்கும்?" என்றார் சங்கத் தலைவர், நாங்கள் உட்காரும் முன்பே.

"முதல்ல வட்டையப் பாப்பம் ஐயா" என்றாள் தோழி.

வரம்பெல்லாம் நடந்து, மெசின் ஓட்டுபவரிடமும் வயல்காரரிடமும் வட்டையை மேற்பார்க்கும் வட்டவிதானையிடமும் பேசிவிட்டு, ஒரு மருத மர நிழலில் தலைவரோடு நின்றோம். ஒருவர் சொல்வது மற்றவரை இழுத்துவிடும் என்பதால், இருவரும் கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்து, எத்தனை கிழமை என்று ஒரே நேரத்தில் விரல்களை நீட்டிக் காட்டினோம். நான் நாலு. அவள் ஒன்பது.

தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ரெண்டு பேரும் ஒரே வேலையத்தானா சொல்றீங்க?"

"மெசின் பழுதாகினா? மழை பெஞ்சா? வரிசை முழுக்க மாறும்டி" என்றாள் அவள். நான் அதை நினைக்கவே இல்லை.

"எந்த வட்டை முதல்ல விளையும் எண்டு வட்டவிதானை ஏற்கனவே சொல்லிப்போட்டார். அதை நாம திரும்பக் கண்டுபிடிக்கத் தேவையில்ல" என்றேன். அதை அவள் நினைத்திருக்கவில்லை.

அவள் விரல்களை மடக்கினாள், நான் நீட்டினேன்.

"ஆறுக்கும் எட்டுக்கும் இடையில ஐயா" என்றோம்.

"வானொலியில மழை சொல்ற மாதிரிக் கிடக்கு" என்றார் தலைவர். ஆனாலும் சம்மதித்தார்.

ஏழாம் கிழமை முடித்தோம். அறுவடையின் முதல் காலை, எந்தச் சண்டையுமில்லாமல் மெசின் சரியான வட்டைக்குள் இறங்கியது. தலைவர் வந்தவர் போனவரிடமெல்லாம், "ஏழு கிழமை எண்டு நான் அண்டைக்கே சொன்னன்தானே" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். நாங்கள் மறுக்கவில்லை. தலைவர் தந்த தயிரும் சோறும் வாய் நிறைய இருந்தன.